மரபுப் படிவமும் பாஞ்சாலி அக்கா கக்கூசும்

மரபுக் கணக்கெடுப்பு என்பது, ஊரார் தூக்கிப் போட நினைக்கும் சாமானையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு, சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து அதே மாதிரி சாமானைத் தூக்கிப் போடுகிற உத்தியோகம். படிவமும் பேனாவுமாக வாசல் வாசலாக நின்று, முதலில் நாய்க்கும் பிறகு வீட்டுக்காரருக்கும் பதில் சொன்னவர்களுக்கு என் பாடு புரியும். பெங்களூருக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்த என் வேலை போனது. அப்போதுதான் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் லைன் வீடுகளை மரபுச் சின்னமாகப் பதிவு செய்ய ஒரு குழு வந்தது. எங்கோ வெளிநாட்டில் கூடிப் பேசி வகுத்த விதிகள். அவற்றை எங்கள் ஜனங்களுக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. சுரங்கம் மூடிய பிறகும் பழைய தொழிலாளிகள் அந்தத் தகரக்கூரை வரிசைகளில்தான் இருக்கிறார்கள். நானும் அங்கே பிறந்தவன்தான் என்பதால் திட்டு கொஞ்சம் உரிமையோடு விழும்.

ரெண்டு போட்டோ

முதல் வீடு பாஞ்சாலி அக்காவுடையது. படிவத்தைப் பார்த்ததுமே உள்ளே போய் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு எடுத்துவந்து நீட்டினார். எங்கள் ஊரில் எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் இந்தக் கட்டு தயாராக இருக்கும்.

"இது அதுக்கில்லக்கா" என்று சொல்லி, மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். இந்த லைன் நமக்கு மட்டும் சொந்தமில்லை, உலகத்துக்கே பொதுச் சொத்து, எதையும் மாற்றிக் கட்டாமல் காப்பாற்ற வேண்டும். உள்ளே கட்டிலில் அவர் புருஷன் முனிசாமி மாமா இருமிக்கொண்டிருந்தார். பூமிக்கடியில் பாறைத் தூசியைக் குடித்தே கெட்டுப்போன நெஞ்சு. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உலகத்துக்கே பொதுவா? அப்போ அந்த உலகத்த எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக்க வுடச் சொல்லு சேகரு. உங்க மாமாவ தெனம் ரெண்டு பேரு லைன் கோடில இருக்கிற பொதுக் கக்கூஸ் வரைக்கும் தூக்கிகினு போறோம்."

அலமாரிக் கட்டை

எங்கள் குழுவின் தலைவி வடக்கே பிறந்து வெளிநாட்டில் படித்தவர். எல்லோருக்கும் அவர் மேடம். தங்கமான மனுஷி, ஆனால் எதைப் பார்த்தாலும் பின்னால் ஒரு ஐதீகம் இருக்கும் என்று நம்புகிறவர். லைனில் எல்லா வீட்டிலும் பாத்திர அலமாரியின் விளிம்பில் ஒரு மெல்லிய கட்டை அடித்திருப்பதைக் கண்டுபிடித்து, இது என்ன நம்பிக்கை என்று கேட்கச் சொன்னார்.

"நம்பிக்கையெல்லாம் இல்லப்பா. கீழ பாறை வெடிச்சா மேல வீடு ஆடும், குண்டான் உருளும், அதுக்குத்தான்" என்றார் பாஞ்சாலி அக்கா. ஆடும்போது கையால் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று மேடம் கேட்டார். அதற்கு அக்கா சொன்ன பதிலை அப்படியே இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன்: "சத்தம் கேட்டா எவ குண்டானப் புடிப்பா? கீழ எறங்கின ஆளு மேல வருதான்னு சொரங்க ஷாப்ட் வாய்கிட்ட ஓடிடுவோம். வீட்ல ஆள் இருக்காது, அதான் கட்டை."

நோட்டீஸ்

விதிகளில் இரண்டு முக்கியம். ஒன்று, பதிவான வீட்டின் வடிவத்தை மாற்றக் கூடாது. அதாவது கக்கூஸ் கிடையாது. இன்னொன்று, ஜனங்களின் சம்மதம் இல்லாமல் எதையும் பதியக் கூடாது. லைன் பதிவாகாவிட்டால் நாளைக்கு யாராவது மொத்தமாக இடித்துவிடுவார்கள் என்று மேடம் நிஜமாகவே பயந்தார். எனவே சம்மதக் கூட்டம் போட்டோம்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றுதான், யூனியன் கூட்டம். முன்னாள் யூனியன்காரர் துரைராஜ் அண்ணன் மேசை போட்டு, மைக் கட்டி, தலைவர், முன்மொழிபவர், வழிமொழிபவர் எல்லாம் வைத்து நடத்தினார். கடைசியில் மேடம் கையில் மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். பாராட்டு மடல் என்று நினைத்து மேடம் கைகூப்பினார். அது ஸ்டிரைக் நோட்டீஸ். நம்மிடம் வேலை பார்க்காதவர்கள் எப்படி ஸ்டிரைக் செய்ய முடியும் என்று மேடம் என்னிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் துரைராஜ் அண்ணன் மைக்கிலேயே பதில் சொன்னார்: "பாஞ்சாலி வீட்டுக் கக்கூசுக்கு வழி சொல்லணும். இல்லாட்டி லைன் மொத்தமும் மரபா இருக்க மாட்டோம்!"

பின்னால் இழுப்பது

அந்த வாரம் மேடமும் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. படிவத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'தலைமுறைகளாகத் தொடர்ந்து, இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கம் ஏதேனும் உண்டா?' தலையைத் தூக்கி லைனின் பின்பக்கத்தைப் பார்த்தேன். முன்னால் எல்லா வீடும் ஒன்றுபோல. பின்னால் ஒரு வீடு மாதிரி இன்னொன்று இல்லை. ஆதியில் ஆளுக்கு ஓர் அறைதான். மருமகள் வந்தால் பின்னால் கொஞ்சம் இழுப்பார்கள். பிள்ளை பிறந்தால் இன்னும் கொஞ்சம். கிடைத்த தகரம், கிடைத்த மரம். என் வீட்டிலும் அப்படித்தான் இழுத்தோம். 'பின்பக்கம் இழுத்துக் கட்டுதல்' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். செருப்புப் போடாமல் பின்பக்கம் ஓடினார். உயிருள்ள வழக்கத்தைத் தடுப்பது விதிக்கே விரோதம் என்று அவரே மேலிடத்துடன் சண்டை போட்டுக் கக்கூசுக்கு அனுமதி வாங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை: கட்டும்போது அதற்குரிய சடங்கோடு படம் பிடிக்க வேண்டும். சடங்குக்கு எங்கே போவது? பாஞ்சாலி அக்கா ஒரு தேங்காய் உடைத்து, கக்கூஸ் பீங்கானுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். இந்தச் சடங்கு எவ்வளவு பழையது என்று மேடம் கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை: "இன்னிக்குத்தான் ஆரம்பிச்சோம். எழுதிக்கோங்க, போகப் போக பழசாயிடும்."

மாமாவின் வாக்குமூலம்

ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பதிவுக்குப் போனோம். 'இந்த மரபினால் உமக்குக் கிடைத்தது என்ன?' என்று வீட்டுத் தலைவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுத வேண்டும். இத்தனை நாளும் இருமலைத் தவிர வேறெதுவும் பேசாத முனிசாமி மாமா, எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னார்: "இன்னிக்குக் காலைல செவுத்தப் புடிச்சிகினு நானே போனேன். தாப்பாளும் நானே போட்டேன். நாலு வருசத்துல மொத வாட்டி, ஒருத்தரும் பாக்கல."

உலகமெல்லாம் கூடி வகுத்த விதிகளால் எங்கள் லைனில் முதன்முதலாகக் காப்பாற்றப்பட்டது ஒரு மனுஷனின் மானம்தான், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் 'இதர' என்ற இடத்தில் எழுதிவைத்தேன்.