இருபத்தைந்து நடைக்கு ஒரு பின் டயர்

பஞ்சர் கடைக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்த வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வெயிலில் ஒருமுறையாவது மோட்டார் சைக்கிளைத் தள்ளியிருக்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை; இதுவரை தள்ளாதவராக இருந்தால், கூடிய சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். எண்பதுகளில் விழுப்புரத்தில், பாண்டி ரோட்டில், நானும் காதர் பாயும் சேர்ந்து கடை வைத்திருந்தோம். அந்த வருஷங்களில் எத்தனையோ டயர்களைக் கழற்றி மாட்டினேன். இன்றைக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு டயர்தான்.

நான்கு கேள்விகள்

ஒட்டினால் போதுமா, மாற்ற வேண்டுமா? நீங்களும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள். பதில் சொல்லும் முன் நாங்கள் நான்கு விஷயம் பார்ப்போம். ஓட்டை தரையில் படும் இடத்தில் இருக்கிறதா, பக்கச் சுவரில் இருக்கிறதா? எவ்வளவு பெரியது? டயரின் ரப்பருக்குள் பாரம் தாங்கும் நூல் அறுந்திருக்கிறதா? இந்த மூன்றையும் டயரே சொல்லிவிடும். நான்காவதை ஆளிடம்தான் கேட்க வேண்டும்: வண்டியில் பின்னால் யார் உட்காருவார்கள்? பின்னால் உட்காருகிறவரின் பாரம் அப்படியே பின் டயரில்தான் இறங்கும். ஒற்றை ஆளை ஒரு வருஷம் சுமக்கிற டயர், இரண்டு பேர் ஏறினால் ஒரு வாரத்தில் வெடித்துவிடலாம்.

திண்டிவனத்திலிருந்து வந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரி ஒருவரிடம் இதை நான் பொறுமையாக விளக்கினேன். அவருடைய டயரில் பக்கச் சுவர் கிழிந்திருந்தது. பக்கச் சுவர் போனால் எங்கள் கடையில் ஒட்டித் தரமாட்டோம். அது பாய் வைத்த விதி. மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வாரம் பொண்டாட்டிக்குப் பல்லு வலின்னு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனேன். அவரும் இதே மாதிரி வாய்க்குள்ள எட்டிப் பாத்துட்டு, புடுங்கணும்னாரு."

லாட ஆணி

மாசி மாதத்தில் எங்களுக்கு ஓய்வே இருக்காது. வளவனூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் சர்க்கரை ஆலைக்கு வரிசையாகப் போகும். மாட்டின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து, அதன் ஆணிகள் ரோட்டில் உதிரும். முள் குத்தினால் காற்று மெதுவாக இறங்கும். ஓரம் கட்ட உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். லாட ஆணி அந்த மரியாதையெல்லாம் கொடுக்காது.

அப்படி ஒரு நண்பகலில் மாசிலாமணி வந்தார். திருவாமாத்தூர் பக்கத்துக்காரர், கிணற்று மோட்டார் மெக்கானிக், ஐம்பதை நெருங்கும் வயது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. காற்றே இல்லாத பின் டயரோடு ஒன்றரை மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின் சீட்டில் ஒரு தலையணை, அதன்மேல் அவர் மனைவி தனம். இருவரையும் சேர்த்து இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஆணி குத்திய ஓட்டை சின்னதுதான். உடனே நிறுத்தியிருந்தால் கால் மணி வேலை. காற்றில்லாமல் ஓட்டியதால் ரிம் டயரின் பக்கச் சுவரைக் கடித்து, உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு நூலை அறுத்திருந்தது. டியூப் கந்தல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு மனைவியின் காதில் விழாதபடி தணிந்த குரலில் சொன்னார்: "தெரியும் தம்பி. பாண்டியில அவளுக்குக் கரண்டு வச்சிக்கினு இருக்காங்க. எறக்கி வுட்டா நாலு அடி நடக்க மாட்டா."

பாயின் விதி

தனத்துக்குக் கர்ப்பப்பையில் புற்று. அதற்குக் கொடுக்கும் கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்பார்கள். மொத்தம் இருபத்தைந்து நாள், சனி ஞாயிறு மட்டும் விடுமுறை. நடுவில் ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் வைத்ததெல்லாம் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏழு நாள் முடிந்திருந்தது. இன்னும் பதினெட்டு. பாண்டியிலேயே தங்கலாம் என்றால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. பஸ்ஸில் ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வளவனூர் வருவதற்குள் தனம் மூன்று முறை வாந்தி எடுக்க, கண்டக்டர் இருவரையும் இறக்கிவிட்டுவிட்டார். ஆக, இந்த மோட்டார் சைக்கிள்தான்.

டயரை மாற்ற வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி பழைய மாடல். அந்த அளவு டயர் விழுப்புரத்தில் யாரிடமும் இல்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பழைய டயர் ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். அதன் ஓரங்களைக் கத்தியால் காகிதம்போல் மெல்லிதாகச் சீவினேன். ஓரம் தடித்திருந்தால் அதுவே டியூபை அறுத்துவிடும். அறுந்த இடத்தில் உள்பக்கமாக அதை ஒட்டி, புது டியூப் போட்டேன்.

பாய் இந்த வேலைக்குக் கை கொடுக்கவில்லை. அவருடைய விதியை ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவன் நான். இப்போது உடைப்பவனும் நான். மாசிலாமணி மனைவிக்குச் சோடா வாங்கப் போன நேரத்தில் பாய் வந்து என் பக்கத்தில் குந்தினார். "மாட்டாதே நைனா. வழியில வெடிச்சா அந்தம்மாவ நீதான் கொன்னே. வெடிக்கலைன்னா பதினெட்டு நாளும் உனக்குச் சோறு எறங்காது."

சாக்பீஸ் வட்டம்

மாசிலாமணிக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டேன். வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது. தினமும் பாண்டிக்குப் போகும் வழியில் கடையில் நிறுத்தி, டயரை எனக்குக் காட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுவார்கள். தனம் இறங்கமாட்டார்; இறங்கினால் மறுபடி ஏறுவது பெரும் பாடு. எனக்கும் அதுதான் வசதி. பாரம் ஏறிய நிலையில்தான் டயரின் உண்மையான யோக்கியதை தெரியும்.

ஒட்டுப் போட்ட மூன்றாம் நாள் காலையில் அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. உள்ளே நூல் இல்லாத இடத்தில் காற்று டயரை வெளியே தள்ளுகிறது. அது பெரிதாகாமல் நின்றால் பிழைத்தோம். பெரிதானால் அன்றைக்கே வண்டியை நிறுத்த வேண்டும். புடைப்பைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். வட்டத்தைத் தாண்டுகிறதா என்று தினமும் பார்ப்பேன், அழிந்திருந்தால் அதே அளவில் திரும்பவும் போடுவேன். எதற்கு வட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட தனம், தலையணைமேல் உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்தார். "எனக்கும் ஆஸ்பத்திரியில வயித்தச் சுத்தி மையால கோடு போட்டுத்தான் வச்சிருக்காங்க, குளிக்கும்போது அழிச்சிடாதேன்னு. எது மொதல்ல புட்டுக்குதுன்னு பாப்போம் தம்பி."

திண்டிவனத்துச் சரக்கு

பாய் சொன்னதில் பாதி பலித்தது. சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். அங்கே பழைய டயர்க் கடை ஒன்றில் அந்த அளவு இருக்கக்கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இருந்தது. சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காத புது டயர். கடைக்காரர் உச்சாணியிலிருந்து கம்பால் எடுத்துப் போட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். பழக்கதோஷத்தில் காகிதத்தைப் பிரித்து, கட்டைவிரல்கள் இரண்டாலும் ரப்பரை அழுத்தி விரித்துப் பார்த்தேன். கோடைக்குக் காய்ந்த ஏரி மண்போலச் சன்னமாக வெடிப்புகள். தகரக் கூரைக்கு அடியில் பல வருஷம் வெந்த டயர். ஒரு மைல்கூட ஓடவில்லை, ஆனால் ரப்பர் செத்துவிட்டது. நீங்கள் புது டயர் வாங்கும்போது இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். என் ஒட்டுப் போட்ட டயரே இதைவிட நம்பகமானது என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெட்ராஸிலிருந்து ஒன்று வரவழைத்துத் தரும்படி கேட்டேன். கடைக்காரர் செத்த டயரைத் திரும்பவும் காகிதத்தில் சுற்றினார். "எத்தினி மைல் ஓடிச்சின்னு கேக்கறவங்களப் பாத்திருக்கேன். பொண்ணு பாக்கற மாதிரி டயருக்கு வயசு கேக்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

உளுந்து போட்ட ரோடு

அந்த மாதத்தில் வளவனூர் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். அறுத்த உளுந்துச் செடியை ரோட்டின் அகலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்களே அடித்துக் கொடுத்துவிடும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒன்றுமில்லை. உங்களையும் என்னையும் போல இரண்டு சக்கரத்தில் போகிறவர்களுக்கு அது எண்ணெய் தடவிய தரை.

கரண்டு வைப்பதில் பதினாறாவது நாள் காலை, மாசிலாமணி அதில் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டியிருக்கிறார். அப்படியும் பின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, வண்டி சாய்ந்தது. துண்டால் சேர்த்துக் கட்டியிருந்ததால் இருவரும் ஒன்றாகவே விழுந்தார்கள். உளுந்து புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து துண்டை அவிழ்த்து, தனத்தைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி ஏற்றிவிட்டார்கள். பாண்டிக்குப் போய்ச் சேர்ந்து, அன்றைய கரண்டும் வைத்துக்கொண்டுதான் திரும்பினார்கள்.

மத்தியானம் கடை வாசலில் வண்டி நின்றது. கீழே விழுந்தோம் என்று மாசிலாமணி சொன்னதுதான் தாமதம், நான் ஓடிப்போய்ப் பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சாக்பீஸ் வட்டம் மண்ணில் அழிந்திருந்தது. புடைப்பு அதே அளவில் இருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்து நிம்மதியோடு நிமிர்ந்தபோதுதான், தனத்தின் முழங்கையில் தோல் உரிந்து, புடவை முந்தானையை அதில் சுற்றியிருப்பது கண்ணில் பட்டது. மாசிலாமணி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "டயருக்கு ஒண்ணும் ஆவல தம்பி. இவ கையில கட்ட ஒரு சுத்தமான துணி இருந்தா குடு."

மெட்ராஸிலிருந்து வந்த டயர்

இருபத்தைந்தாவது நாள் வந்தது. ஒரு நாள்கூட விடவில்லை. அன்று காலையில் புடைப்பை நான் மட்டுமல்ல, பாயும் குனிந்து பார்த்தார். பகல் இரண்டு மணிக்குத் திரும்பும்போது மாசிலாமணி நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் நீளமாக அடித்துக்கொண்டு போனார். தனம் துண்டுக் கட்டிலிருந்து ஒரு கையை உருவி எங்களைப் பார்த்து ஆட்டினார். அன்றைக்குத்தான் பாய் என்னிடம் தன் விதியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

பங்குனிக் கடைசியில் மெட்ராஸ் டயர் வந்தது. நல்ல ரப்பர், வெடிப்பு இல்லை. அதில் ஒரு சீட்டில் மாசிலாமணி பெயரை எழுதிக் கட்டி, சுவரில் வெயில் படாத பக்கமாக மாட்டினேன். வந்து மாற்றிக்கொள்ளும்படி ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினேன். அவர் வரவில்லை. அதே அளவு கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

ஆடி மாதம் ஒரு பகலில் அவர் வந்தார். முன் சக்கரத்தில் வேலிகாத்தான் முள். இந்தமுறை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். என் தொழிலில் இருக்கிறவன் அதிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். பின் சீட்டில் தலையணை இல்லாததையும் பார்த்தேன். உடம்பு தேறிவிட்டது, இனித் தலையணை வேண்டாம் போலும் என்றுதான் எனக்குத் தோன்றியது. முள்ளைப் பிடுங்கி ஒட்டிய கையோடு, சுவரில் இருந்த புது டயரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அது வந்த கதையைச் சொல்லிக்கொண்டே பின் சக்கரத்தின் நட்டில் ஸ்பானரை மாட்டினேன்.

மாசிலாமணி என் மணிக்கட்டைப் பிடித்தார். நோய் ஏற்கெனவே ஈரலுக்குப் போயிருந்ததாம். கரண்டு வைத்து முடித்த பிறகுதான் டாக்டர்களுக்கே தெரிந்ததாம். வைகாசியில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தனம் இறந்துவிட்டார். இதையெல்லாம் அவர் ஒரு மோட்டாரில் எது எரிந்தது என்று சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். பிறகு குனிந்து, பக்கச் சுவரில் இருந்த புடைப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "புதுசு வேணாம் தம்பி, வேற யாருக்காவது குடு. பின்னாடி யாரும் உக்கார்றதில்ல; ஒத்த ஆளுக்கு இதுவே தாங்கும்."

அந்த ஒட்டு அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் ஓடியது. பின்னால் யார் உட்காருவார்கள் என்ற நான்காவது கேள்வியைக் கேட்க வாய் வராமல் நான் வருகிற எல்லோரிடமும் மாற்றிவிடுங்கள் என்றே சொல்லத் தொடங்கியதில், கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்கு வண்டியைத் தள்ளிப் போனவர்களின் பெயர்கள் மட்டும் காதர் பாய்க்கு இன்றைக்கும் மனப்பாடம்.