சொக்கலிங்கம் முதலாளியின் கொப்பியும் பதுளைப் பயிற்சி நிலையமும்

செய்தி வந்தபோது நான் ஹாலிஎலயில் ஒரு பாடசாலை ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் சொக்கலிங்கம் முதலாளியின் மனைவி விசாலாட்சி அக்காவின் பெயர் தெரிந்தது. வகுப்பு நேரத்தில் அழைக்கிறவர் அல்லர் அவர். வெளியே வந்து எடுத்தேன்.

"மல்லிகா, அவரு போயிட்டாரும்மா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

உள்ளே போய் ஆசிரியர்களிடம் விடயத்தைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பதுளை வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய கடைக்கு மேலே இருக்கும் எங்கள் பயிற்சி நிலையத்தின் கதவு பகல் வேளையில் பூட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஊவாப் பிராந்தியத்தில் இணையப் பாதுகாப்பைக் கற்பிக்கவென ஒரு நிலையத்தை உண்டாக்கியவர் சொக்கலிங்கம் அவர்கள். நாற்பத்தெட்டு வயது. அவர் பட்டம் பெற்றவர் அல்லர், கணினிப் பொறியியலாளரும் அல்லர். அவருடைய பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து பதுளையில் பலசரக்குக் கடை வைத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் இவர் அந்தக் கடையின் பாதியைத் தடுத்து, தொலைபேசிகளும் பேக்ஸ் இயந்திரமும் வைத்தார். வெளிநாட்டு வேலைக்குப் போன பெண்களிடம் பேசுவதற்காகத் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து வரிசையில் நிற்பார்கள். சில வருடங்களில் இரண்டு கணினிகளும் வந்தன.

அந்தக் கணினிகளுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கொப்பி இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தவர் அவர்தான். கடவுச்சொல்லையும் அவரே வைத்து அந்தக் கொப்பியில் எழுதிக்கொள்வார். ஒரு கடிதம் பார்ப்பதற்காக ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து யாரும் தினமும் டவுனுக்கு வர முடியாது. ஆகவே அவரே திறந்து பார்த்து, கடிதம் வந்திருந்தால் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவார். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. தோட்டத்து லய வீடுகளில், கொழுந்து பறிக்கப் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். இதுவும் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

அந்தக் கொப்பியில் என் பெயரும் இருந்தது. எங்கள் லயத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். கணினிப் பாடத்தில் சித்தியடைந்துவிட்டு, கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். பல வாரங்களாகியும் பதில் இல்லை. கூச்சத்தை விட்டு ஒருநாள் அவருடைய கடையிலிருந்தே அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நேர்முகத்துக்கு என்னை அழைத்திருந்ததாகவும், எனக்கு விருப்பமில்லை என்று நானே பதில் எழுதியிருந்ததாகவும் அங்கே சொன்னார்கள்.

சொக்கலிங்கம் அவர்கள் உடனே என் கணக்கைத் திறந்தார். அழைப்புக் கடிதம் இல்லை. அனுப்பிய கடிதங்களில் மட்டும், நான் எழுதாத நாலு வரி நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. கடைக்கு வருகிற எவரும் அந்தக் கொப்பியைப் புரட்டியிருக்கலாம்.

"நீங்க என்ன பண்ணுவீங்க மொதலாளி, விடுங்க" என்றேன்.

"நான்தான் பண்ணுனேன் புள்ள. கொப்பிய மேச மேல தொறந்து போட்டது யாரு? நான்தானே" என்றார்.

அன்றைக்கே கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனால் கிழிக்கவில்லை. அதிலிருந்த ஒவ்வொருவரும் நேரில் வந்து, அவருக்குத் தெரியாத ஒரு சொல்லைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை வேலைக்கு வைத்தார். அவர்கள் தட்டும்போது அவர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். முடிந்ததும் கொப்பியில் அந்தப் பெயரை வெட்டுவார். லெபனானிலும் குவைத்திலும் இருந்தவர்கள் வீட்டுக்குப் பேச எடுக்கும்போது, தொலைபேசியிலேயே வழி சொன்னார்.

சனங்களுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் காமாட்சி அக்கா சண்டைக்கே வந்துவிட்டார்.

"வீட்டுச் சாவியவே பக்கத்து வீட்ல குடுத்துட்டுதான் மலைக்குப் போறேன். ஒங்ககிட்ட எனக்கு என்ன மொதலாளி ரகசியம்? எங்கள சந்தேகப்படுறீங்களா?"

"சாவிய வாங்குனவ ஒங்க வீட்டுக்குள்ளதான் போவா அக்கா. இத வாங்குனவன் நீங்களாவே மாறிப் போயி ஊரெல்லாம் பேசுவான்."

"நான் என்னத்தப் பேசப் போறேன், எனக்குப் பேசவே நேரமில்ல!" என்று சொல்லி அக்கா எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஆனாலும் உட்கார்ந்து, ஒரு விரலால் தேடித் தேடித் தட்டி முடித்தார்.

பலர் அப்படி உட்காரவில்லை. எதிர்க்கடைக்குப் போனார்கள். "என்ன சொக்கா, ஏவாரத்த விட்டுட்டு வாத்தியாராயிட்டியா?" என்று எதிர்க்கடைக்காரர் தெருவிலிருந்தே கேட்பார். "நீயும் வந்து உக்காரு, ஒனக்கும் சொல்லித் தாறேன்" என்பார் இவர்.

கடைசிப் பெயரை வெட்டிய நாளில் அவர் கொப்பியை அடுப்பில் போட்டார். அதன் பிறகுதான் நிலையம் பற்றிப் பேசினார். தோட்டத்து ஆபீஸ்களுக்கும் பாடசாலைகளுக்கும் கணினி வரத் தொடங்கியிருந்தது. பாதுகாப்பைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பெரகலயிலிருந்து ஒரு பிள்ளை அதற்காகக் கொழும்பில் தங்கிப் படிக்குமா என்று கேட்டார். கடையின் மேல்மாடியைத் தருவதாகவும், கணினிகளும் அங்கீகாரமும் வேண்டும் எனவும் அரசாங்கத்துக்கு எழுதினோம். ஒரு வருடம் எழுதிய பிறகு அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். கண்டிப்பானவர். இவர் மறுத்துவிட்டால் வேறு வழி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அவர் வருவதற்கு முன்பு நான் சொக்கலிங்கம் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். கொப்பி விடயத்தைச் சொல்லவேண்டாம், சொன்னால் இவரை நம்பி எப்படிக் கொடுப்பது என்று நினைப்பார்கள் என்றேன். அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேல்மாடியைக் கூட்டப் போனார்.

அதிகாரி மேல்மாடியைச் சுற்றிப் பார்த்தார். "இஞ்ச கம்பியூட்டரையே விரல்விட்டு எண்ணலாம். அதுக்குள்ள பாதுகாப்புப் படிப்பிக்கப் போறியளோ? முதல்ல கம்பியூட்டர் வரட்டுமன்" என்றார்.

சொக்கலிங்கம் அவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு கொப்பியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். தன் பெயரைச் சொல்லி, தன் தவறு என்று சொன்னார். "ரெண்டு கம்பியூட்டர் இருந்தப்பவே ஒரு புள்ளயோட வேலை போச்சு ஐயா. அந்தப் புள்ள இதுதான்" என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உண்மையோ பிள்ளை?"

நான் அதுவரை அதிகாரிகள் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. "உண்மை சேர். இவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது" என்றேன்.

"இதை எழுத்தில தர ஏலுமோ? உங்கட கடை பேர் கெடும், யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இப்பவே தாறேன்" என்றார் சொக்கலிங்கம் அவர்கள். அந்த விண்ணப்பத்தோடு அவர் கையெழுத்திட்ட இரண்டு பக்கங்களும் போயின. ஏழு மாதம் கழித்து அனுமதி வந்தது. அந்த ஏழு மாதத்தில் கடைவீதி முழுவதும் அந்த இரண்டு பக்கங்களையும் பற்றித்தான் பேசியது. திருமண வீடுகளில்கூட அவரைக் கேலி செய்தார்கள்.

எட்டுக் கணினிகளோடு நிலையம் தொடங்கியது. உயர்தரப் பரீட்சை முடித்தவர்களுக்கு ஆறு மாதப் பாடநெறி, தோட்டத்து ஆபீஸ் எழுதுவினைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் குறுகிய வகுப்பு, வெளிநாடு போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தமிழிலும் சிங்களத்திலும் நடத்தினோம். அவர் பாடம் எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு புதிய வகுப்பின் முதல் நாளும் முன்னால் வந்து, கொப்பியின் கதையைச் சொல்லிவிட்டுப் போவார். சில மாணவர்கள் சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிச்சாத்தான் மறக்க மாட்டீங்க" என்பார். எங்களிடம் படித்த இருவர் இப்போது கொழும்பில் பெரிய வலையமைப்புகளைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறார்கள். எனக்கும் பிறகு வெளியே வேலைகள் கிடைத்தன. நான் போகவில்லை. அவருக்காக நான் அப்படிச் செய்ததாகச் சிலர் எழுதக்கூடும். அது சரியல்ல. எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, விசாலாட்சி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். திருச்சியிலுள்ள உறவினர் பழைய குடும்பப் படங்களை முதலாளியின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தாராம். நிலையத்துக்கான கடவுச்சொற்களை முதலாளி, யார் திறக்க வேண்டும் என்ற குறிப்போடு உறையிலிட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். சொந்தக் கணக்குக்கு எதுவும் இல்லை.

"ஒனக்குத் தெரியாம இருக்காது மல்லிகா. கூடவே இருந்தியே" என்றார் அக்கா.

"தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. ஒங்களுக்குச் சொல்லலயா?"

"எனக்கா? பொண்டாட்டி வேற, பாஸ்வேர்ட் வேறன்னு சொன்ன மனுசன்." சொல்லிக்கொண்டே அந்தப் பதினாறு நாளில் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படத்த மறுபடியும் அனுப்பச் சொல்லிக்கலாம். அவரோடது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கணக்குக்கு இன்னும் சில காலம் கடிதங்கள் வரும். அவர் இல்லை என்று தெரியாதவர்கள் நலம் விசாரித்து எழுதுவார்கள். அவற்றைத் திறக்க எங்களில் யாராலும் முடியாது. முடிந்தாலும் திறக்க மாட்டோம்.

போய் வாருங்கள் முதலாளி. திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்குகிறது. இந்த முறை உங்கள் தவறை நான்தான் சொல்லவேண்டும். ஒரு சொல்லையும் குறைக்காமல் சொல்வேன்.