முதல் மாடி மாமியின் கிண்ணம்

நவி மும்பை நெருளில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடிச் சொசைட்டியில் பண்டிகைப் பலகாரம் அட்டைப் பெட்டியில் வருகிறது. யார் கொடுத்தது என்பதை மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பெட்டியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் ஒரு ஆயுட்காலம் கோப்புகளை நகர்த்தியவள் என்ற முறையில், திரும்பி வராத எதையும் நான் வரவேற்கிறேன்.

மும்பை செம்பூரில் நான் வளர்ந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அப்படி இல்லை. கணபதி வந்தால் மராத்தி வீட்டு மோதகம், கிறிஸ்துமஸுக்குக் கோவாக்காரர் வீட்டுக் கேக், தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு என்று கிண்ணங்கள் படியேறி இறங்கிக்கொண்டிருக்கும். வந்த கிண்ணம் வெறுமனே திரும்பக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும். இந்த விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் மீறவும் இல்லை.

நாங்கள் மூன்றாவது மாடி. முதல் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்த மாமா தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருந்தார். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த என் அம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி இரண்டே சொற்கள்: ‘எவ்வளவு’க்குக் கித்னா, ‘வேண்டாம்’ சொல்ல நஹி. காய்கறிக்காரனிடம் அவை போதும். மனம்விட்டுப் பேசக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் தமிழ் தெரிந்தவள் முதல் மாடி மாமி ஒருத்திதான். தினம் நாலு மணிக்கு அம்மா ஒரு மாடி இறங்குவாள், மாமி ஒரு மாடி ஏறுவாள். இரண்டாம் மாடி நடையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபடி பேசுவார்கள்.

"ஏக்கா, நீங்க பேசுறது தமிழா மலையாளமா? பாதி வெளங்க மாட்டேங்கு" என்பாள் மாமி.

"விளங்கறதுக்கு முன்னாடியே நீ சிரிச்சுடறே. அப்புறம் எங்கேர்ந்து விளங்கும்?" என்பாள் அம்மா.

அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த நடையில் மட்டும்தான். வீட்டுக்குள் அதற்கு வாய்ப்பில்லை. அப்பா மாலையில் வந்ததும் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார்.

நோன்புப் பெருநாளன்று காலையில் மாமி வீட்டிலிருந்து ஷீர்குர்மா வரும். பாலில் சேமியாவும் பேரீச்சம்பழமும் முந்திரியும் போட்டுக் காய்ச்சியது. "கவிச்சி படாத சட்டிக்கா. உங்க வீட்டுக்குன்னே தனியா வச்சிருக்கேன்" என்று மாமி ஒவ்வொரு வருடமும் சொல்வாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், வாசனையைப் புகழ்வாள், கதவைச் சாத்துவாள். பிறகு கிண்ணத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோக மாட்டாள். செருப்பு அலமாரியின் மேல் வைப்பாள்.

"வாட்ச்மேன் கிட்ட குடுத்துட்டு, கிண்ணத்தை அலம்பிண்டு வாடீ. மாமி காதுல விழப்படாது."

காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எட்டு வயதில் எனக்கே தெரியும். நாலு மணிக்கு மாமி படியேற மாட்டாள். அம்மாவுக்கு அதற்கப்புறம் மிஞ்சுவது கித்னாவும் நஹியும்தான்.

ஆனால் அம்மாவின் உத்தரவில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. வாட்ச்மேன் இருப்பது தரைத்தளத்தில். அவரிடம் போக வேண்டுமானால் மாமியின் கிண்ணத்தோடு மாமியின் வாசலையே தாண்ட வேண்டும். பண்டிகை நாளில் அந்தக் கதவு திறந்தே இருக்கும். விதி செய்பவர்கள் படி இறங்குவதில்லை என்பதை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது அப்போதுதான். ஆகவே கிண்ணத்தோடு மேலே ஏறினேன். மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து, அம்மாவின் நட்பைக் காப்பாற்றும் பொருட்டு, கடைசி முந்திரி வரை தின்று தீர்த்தேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கிண்ணத்தை அலம்பினேன். அம்மா அதில் முறுக்கை நிரப்பித் தந்ததும் கீழே போய்க் கொடுத்தேன்.

"எப்படிளா இருந்துச்சு?" என்றாள் மாமி.

"நன்னா இருந்தது மாமி. அம்மா ரெண்டு தடவை போட்டுண்டா."

அடுத்த வருடமும் இதே ஏற்பாடு சிக்கலில்லாமல் நடந்தது. மூன்றாம் வருடம் எனக்குத் தன்னம்பிக்கை கூடிவிட்டது. மாமி வழக்கம்போலக் கேட்டாள். அம்மாவை மட்டும் சொன்னால் அறிக்கை முழுமையாகாது என்று நினைத்து, "அப்பாதான் விடவே இல்லை. மறுபடி மறுபடி கேட்டு வாங்கிண்டார்" என்றேன்.

உள்ளே புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "உங்க அப்பாவா? நேத்துதானே தாதர் ஸ்டேஷன்ல பார்த்தேன். பெட்டியும் கையுமா நாக்பூர் வண்டிக்கு நின்னாங்க. ஒரு வாரம் ஆபீஸ் வேலைன்னு சொன்னாங்களே..."

அது உண்மை. அப்பா ஊரிலேயே இல்லை. அந்தச் சிறிய தகவலை நான் மறந்துவிட்டிருந்தேன்.

"ஏங்க, நீங்க சும்மா இருங்க" என்றாள் மாமி. என்னைப் பார்த்தாள். என் கவுன் காலரில் ஒட்டியிருந்த ஒரு சேமியாவை விரலால் எடுத்துக் கீழே போட்டாள். "அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிட்டு போல" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணியிலிருந்தே நான் மூன்றாம் மாடிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு மணிக்கு அம்மா இறங்கினாள். நடையில் யாரும் இல்லை. அம்மா புடவைத் தலைப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டாள், பிறகு இன்னொரு முறை. உடனே போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். யாரிடம் எந்த உண்மையைச் சொல்வது என்பதில் தெளிவில்லாததால் நின்றுவிட்டேன். அப்போது கீழே செருப்புச் சத்தம் கேட்டது. "தண்ணி வந்துட்டுக்கா, அதான் லேட்டு" என்றபடி மாமி ஏறி வந்தாள். அன்றைக்கும் சிரித்தார்கள். குற்றம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று முடிவு செய்து, மனதளவில் கோப்பை மூடினேன்.

அடுத்த பெருநாளுக்கு மாமியே எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் கிண்ணம் இல்லை, பெரிய தட்டு. அதில் பிரிக்காத சேமியாப் பொட்டலம், மூடி திறக்காத நெய் டின், சர்க்கரை, பேரீச்சம்பழம், முந்திரி.

"ஏக்கா, கை சுளுக்கிட்டு. கிண்ட முடியல. இந்த வருசம் நீங்களே காய்ச்சிருங்க. எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விடுங்க."

"உனக்குப் பெருநாள், நான் காய்ச்சறதாவது?"

"கை சுளுக்குன பொறவு என்னக்கா செய்ய?"

அம்மா திறக்காத நெய் டின்னை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டாள். செருப்பு அலமாரியைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் கொண்டுபோனாள். வெகுநேரம் அடுப்படியிலேயே இருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது, புகை கண்ணில் பட்டுவிட்டது என்றாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஷீர்குர்மா நன்றாகவே வந்திருந்தது. அம்மா சாப்பிட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். போன வருடம் நான் சொன்னது முழுக்க உண்மையாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. ஒரு கிண்ணம் முழுக்கத் தனியாகச் சாப்பிட்டவளுக்கு இப்போது அரைக் கப்.

மாமிக்கான கிண்ணத்தை அம்மா என் கையில் கொடுத்தாள்.

"நேரா கீழே கொண்டுபோ. மொட்டை மாடிக்குப் போயிடாதே."

மொட்டை மாடி விஷயம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, எப்போதிலிருந்து தெரியும் என்று படி இறங்கி முடியும்வரை மூளையைக் கசக்கினேன். முதல் மாடியில் மாமி குழாயடியிலிருந்து கைக்கு ஒன்றாக இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சுளுக்கு இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.