நாற்பத்தெட்டு வீடுகளும் ஒரு வாளித் தண்ணீரும்

எங்கள் தொழிலில் தினமும் கம்பி எண்ண வேண்டும். ஜெயிலில் அல்ல, சைட்டில். வெயிலில் தொப்பி மாட்டிக்கொண்டு நின்ற சக சிவில்காரர்களே, கம்பிகூடச் சொன்ன கணக்குக்கு வந்துவிடும், குடிவரப் போகிறவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில்தான் வராது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ராயப்பேட்டையில் பழைய அடுக்குக் குடியிருப்பு ஒன்றை இடித்துக் கட்டினோம். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் ஈரச் சிமெண்ட் வாசனை வருகிறது.

யார் கையெழுத்து?

கூரைக் காரை பெயர்ந்து தட்டில் விழுந்துகொண்டிருந்த கட்டடம் அது. புதுவீடு முடியும்வரை நாற்பத்தெட்டுக் குடும்பங்களும் பக்கத்து மைதானத்துத் தகரக் கொட்டகையில் இருக்க வேண்டும். எல்லோரும் மாறிவிட்டார்கள், தையல் வேலை செய்யும் நூர்ஜஹானம்மாவைத் தவிர. மிஷினை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். வேறொரு குடியிருப்பிலிருந்து இப்படி நம்பிக் கிளம்பிய அவர் தங்கைக்குக் கடைசியில் ஊருக்கு வெளியே எங்கேயோ வீடு கிடைத்ததாம்.

"இதே எடத்துல வீடுன்னு எழுதிக் குடு" என்றார். அரசு உத்தரவைக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வெறும் சைட் இன்ஜினியர், என் கையெழுத்து செல்லாது என்றேன். கடைசியில் நான் அவருடைய தையல் அளவு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தார்.

"ஆபீசரு கையெழுத்து போட்டுட்டு கார்ல பூடுவாரு. நீதாம்மா தெனம் இங்க வந்து நிக்கணும்."

சரிவு

டைல்ஸ் ஒட்டி முடித்த நேரம். ஆட்டோ ஓட்டும் செல்வம், தனக்கு வரப்போகும் வீட்டைப் பார்க்க வந்தவர், மேஸ்திரி அசந்த நேரத்தில் பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் நிதானமாகச் சமையலறைக்குப் போனது. நான் டிராயிங்கை விரித்து, சரிவு சரியாகத்தான் குறித்திருக்கிறது என்று வாதாடினேன். அப்புறம் இருவருமாக வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். பத்தொன்பது வீட்டில் அதே கதை.

அந்தத் தரைகளை உடைத்து மறுபடி போடச் சொன்னேன். காண்டிராக்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாவி கொடுப்பது ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. செல்வம் என் டிராயிங்கை மடித்துக் கையில் கொடுத்தார்.

"இது இங்கிலீஷ்ல கீது மேடம். தண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது."

தரைத்தளம்

நூர்ஜஹானம்மாவின் கணவர் காதர் பாய்க்குப் பக்கவாதம். படி ஏற முடியாதவர்களுக்குத் தரைத்தளம் உண்டு என்பதால் நானே மனு எழுதிக் கொடுத்து வாங்கினேன். ஜன்னலோரம் அவர் கட்டிலுக்கு இடம்கூட அளந்து வைத்தோம். சாவிக்கு மூன்று வாரம் இருக்கையில், கொட்டகை வெக்கையில் பாய் போய்விட்டார். அந்த ஒன்றரை மாதத்தை நான் எத்தனையோ முறை கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். உடைக்காமல் விட்டிருக்கலாமா? இன்றைக்கும் தெரியவில்லை.

நூர்ஜஹானம்மா சாவி வாங்கிய அன்று நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கட்டில் எடத்துல மிஷினப் போட்டுக்கறேன், வெளிச்சம் நல்லா கீது. மொத ஜாக்கெட்டு உனக்குத்தான், நேரா நில்லு."

நாற்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த நான் அடையாற்றில் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறேன், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டியிருக்கிறது.