ஃபெரி பெஞ்சில் தம்பியின் பெயர்

இந்த மின்மடல் நண்பர்கள் நம் ஐந்து பேருக்குள் இருக்கட்டும். சைபர் கஃபேயில் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்னால் யாராவது நின்று படிக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று வேலை முடிந்து தீவிலிருந்து பட்டர்வொர்த் திரும்பும் ஃபெரியில் மேல்தளத்தில் இடம் கிடைத்தது. உட்காரப் போன பெஞ்சில் கறுப்பு மையில் என் தம்பி குமரனின் பெயர். பக்கத்தில் அவன் வகுப்பு, அதன் பக்கத்தில், பெண்மைச் சாயலுள்ள பையன்களை ஏசும் அந்த மலாய்ச் சொல், 'பொண்டான்'. கீழே, 'இவனைக் கண்டால் கடலில் தள்ளுங்கள்.'

அவனுக்குப் பதினாறு வயது. தினமும் அதே ஃபெரியில்தான் பள்ளிக்குப் போகிறான்.

கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. பக்கத்தில் நின்றவர், "விடும்மா, பசங்க விளையாட்டுலா" என்றார். அந்தப் பெயர்மேல் உட்கார்ந்துகொண்டேன். கரை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அம்மா சமையலறைக்குப் போனதும் அவனிடம் மெதுவாகச் சொன்னேன்.

"மேலயா, கீழயாக்கா?" என்றான்.

"எத்தன எடத்துலடா இருக்கு?"

"நான் பார்த்தது நாலு."

"இப்படிப் பொய் எழுதுறவன் யாரு? சொல்லு, ஸ்கூல்ல வந்து பேசுறேன்."

அவன் தலை நிமிரவில்லை. "தள்ளிடுவாங்களோன்னுதான் பயமா இருக்குக்கா. மத்தது பொய் இல்ல. அம்மாகிட்ட சொல்லிடாதே."

சொல்லவில்லை. நாளை முதல் அவனோடு காலை ஃபெரியில் போகிறேன். ஆபீஸ் திறக்க ஒரு மணி நேரம் இருக்கும், பரவாயில்லை.

உங்களில் மூன்று பேர் தினமும் அதில்தானே போகிறீர்கள், அந்த எழுத்து கண்ணில் படவே இல்லையா? கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று மட்டும் பதில் போடாதீர்கள்.