தண்ணீர்த் தொட்டியின் கால்களுக்கு நடுவே சூரியன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேர் அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் கூடுவோம். வீடு எங்களில் ஒருவருடையது. திருநெல்வேலியிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் பெண். அவருடைய பால்கனியிலிருந்து ஏரியின் ஒரு மூலை தெரியும். கூடத்தில் பெரிய தொலைக்காட்சி இருக்கிறது. எங்களுக்கு முக்கியம் அதுதான், ஏனென்றால் படங்களை அதில்தான் போட்டுப் பார்ப்போம்.

மற்ற இருவரில் ஒருவர் ஆவடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீர் என்று இருபத்தைந்து வருடமாகக் கேமராவைத் தோளில் சுமந்தவர். இன்னொருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார், வீடு சேக்காட்டில். பழைய கேமரா ஒன்றை வாங்கி, இரண்டு வருடத்தில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக எடுக்கக் கற்றுக்கொண்டவர். எல்லோரும் அவரை ஆபரேட்டர் என்றே கூப்பிடுவோம். நான்காவது ஆள் நான். நூம்பலில் இருக்கிறேன். படமும் எடுப்பேன். ஆனால் இந்தக் குழுவில் என் உண்மையான வேலை, நோட்டு எழுதுவது. எந்தப் படம், யார் எடுத்தது, எந்த நாள், எந்த நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. தேதி போடாமல் எதையும் விட்டுவைக்க என்னால் முடியாது.

எங்களுக்குச் சில விதிகள் உண்டு. படம் இரண்டு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டு படங்களை ஒட்டிச் செய்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்ற மூவரும் பேசி முடித்த பிறகே அவர் முறை. கடைசி விதியை நான்தான் கொண்டுவந்தேன். விளக்கம் சொல்லாமல் படம் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்கத்தான். அது ஒரு மனிதரைக் கட்டிப்போடும் என்று அப்போது தோன்றவில்லை.

சித்திரை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆபரேட்டர் எடுத்த படம், அந்த வார ஞாயிற்றுக்கிழமை திரைக்கு வந்தது. எஸ்டேட்டை ஒட்டிய ஒரு நேர்த் தெரு. தெருவின் மேற்குக் கோடியில் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதைத் தாங்கும் தூண்களில் நம் பக்கம் பார்த்த இரண்டுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒரு விரல் இடம்கூட விடாமல், முழு வட்டமாகச் சூரியன். கூண்டுக்குள் பிடித்துப் போட்டதுபோல இருந்தது. கீழே தெருவில் ஒரு பெண் குடத்தோடு போகிறாள். அவள் நிழல் கேமராவரை நீண்டு வருகிறது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். வீட்டுக்காரப் பெண், "யம்மா, எப்படி இருக்கு பாருங்களேன்" என்று திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டுடியோக்காரர் மட்டும் சாய்ந்த நிலையிலேயே இருந்தார். அந்தத் தெரு வழியாகத்தான் தை மாதம் முழுக்க ஆல்பம் கொடுக்கப் போய்வந்ததாகவும், சூரியன் தொட்டிக்கு ரொம்ப இடது பக்கம், ஒரு குடியிருப்புக்குப் பின்னால்தான் இறங்கும் என்றும் சொன்னார். தூணின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கிறது என்றார். சூரியன் இவ்வளவு பெரிதாக வராது என்றும் சொன்னார். கடைசி விஷயத்தில் வீட்டுக்காரப் பெண் மறுத்தார். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் வரும். ஆனால் சூரியன் இருக்கும் இடத்தைப் பற்றி அவருக்கோ எனக்கோ பதில் தெரியவில்லை. ஆபரேட்டர் விதிப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அவர் முறை வந்தபோது ஸ்டுடியோக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரிஜினல் எங்க மச்சான்?"

ஒரிஜினல் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. வெள்ளிக்கிழமை தங்கை மகனுக்குக் காதுகுத்து. படத்தின் சின்னப் பிரதி ஒன்றைக் கைபேசிக்கு மாற்றிவிட்டு, கார்டைக் காலி செய்துவிட்டார். அந்தச் சின்னப் பிரதியில் நாளும் இல்லை, நேரமும் இல்லை.

"நான் மெஷின்ல மைக்ரான் பாக்கறவன்" என்றார் ஆபரேட்டர். "ஒட்டணும்னா ஒட்டினது தெரியாத மாதிரி ஒட்ட மாட்டேனா?"

சொல்லக் கூடாத பதில் அது. ஸ்டுடியோக்காரர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். நான் நோட்டில் அந்தப் படத்துக்கு நேராகச் 'சந்தேகம்' என்று எழுதினேன். ஆபரேட்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கைபேசிக் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். போன் செய்தால், ஷிப்ட் சரியாக இல்லை என்றார். பொய் சொன்னவன் என்ற பேரோடு ஒருவர் எங்களிடமிருந்து போய்விட்டார், அந்தப் பேரை மையால் எழுதிவைத்தது நான்.

இனி என் பால்கனிக்கு வருகிறேன். அது மேற்குப் பார்த்தது. கைபேசிக் கோபுரம் ஒன்றும், கட்டி முடிக்காத கட்டடம் ஒன்றும் எதிரே தெரியும். கடந்த ஆவணியிலிருந்து தினமும் சூரியன் மறையும்போது கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்துவருகிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் அந்தப் படங்களை வரிசையாக வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மார்கழி வரை இடது பக்கமாகப் போன சூரியன், பிறகு வாரா வாரம் வலது பக்கமாக நகர்ந்தது. மே மாதம் கோபுரத்தைத் தாண்டியது. ஜூன் இருபத்தொன்றை ஒட்டி நகராமல் நின்றது. பிறகு வந்த வழியே திரும்ப ஆரம்பித்தது.

உத்தராயணம், தட்சிணாயனம் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். பொங்கலன்று அதைப் பற்றிப் பேசக்கூடச் செய்திருக்கிறேன். ஆனாலும் அது என் கோபுரத்துக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் பொருந்தும் என்று உறைக்கவே இல்லை. ஜூன் இருபத்தொன்றுக்குப் பத்து நாள் முந்தைய படத்தையும் பத்து நாள் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சூரியன் ஒரே இடத்தில் இருந்தது. எட்டு நாள், ஆறு நாள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாம் ஜோடி ஜோடியாகப் பொருந்தின. அப்படியென்றால் தை மாதம் ஸ்டுடியோக்காரர் பார்த்ததும் சரி, சித்திரையில் ஆபரேட்டர் பார்த்ததும் சரி. அதோடு, ஆபரேட்டருடைய சூரியன் இன்னொரு தடவை அந்தத் தூண்களுக்கு நடுவே வந்தாக வேண்டும்.

நாட்காட்டியை எடுத்து விரல் வைத்து எண்ணினேன். அவர் எடுத்தது ஜூன் இருபத்தொன்றுக்கு ஐம்பத்து நான்கு நாள் முன்பு. ஐம்பத்து நான்கு நாள் பின்பு ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு தடவை எண்ணிவிட்டு, மூன்றாவது தடவை சத்தமாக எண்ணினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்து, என்ன, ஏதாவது பரிசு விழுந்திருக்கிறதா என்று கேட்டாள். விழப்போகிறது என்றேன்.

வீட்டுக்காரப் பெண்ணிடம் சொன்னதும் அவர் சூரியனின் திசை காட்டும் செயலியைத் திறந்தார். ஏறத்தாழ அந்த வாரம்தான் என்று அதுவும் சொன்னது. ஆனால் தூண்களுக்கு நடுவில் விழுமா, தூணுக்குப் பின்னால் விழுமா என்பதை நேரில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஒருநாள் தள்ளினாலே சூரியன் தன் அகலத்தில் பாதிக்கு மேல் விலகிவிடுமாம். ஸ்டுடியோக்காரர் நான் போட்ட கணக்கை முழுக்கக் கேட்டார். "அம்பத்தி நாலும் அம்பத்தி நாலும் நூத்தியெட்டா? நூத்தியெட்டு தேங்கா ஒடச்சிடலாமா சார்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வருகிறேன் என்றார்.

ஆபரேட்டரைப் பார்க்க நானே சேக்காட்டுக்குப் போனேன். கணக்கைச் சொன்னேன். நோட்டில் எழுதியது என் தவறு என்றும் சொன்னேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டார்.

"ஸ்டுடியோக்காரர் படம் புடிக்கற ஆளு, அவருக்குத் தெர்ல, சரி. நீங்க தேதி போடற ஆளு சார். உங்களுக்குமா தெர்ல?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் ஷிப்ட் என்றார். அப்புறம், "நான்தான் பாத்துட்டேனே சார். பாக்காதவங்க போய்ப் பாருங்க" என்றார்.

ஆடிக் கடைசி வெள்ளி என்பதை எண்ணத் தெரிந்த எனக்கு, அன்று அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை. ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால், தெருவின் வலது பக்கம் முழுக்க அம்மன் கோயில் பந்தல். வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, மூன்று அண்டாவில் கூழ், அதற்கு வளைந்து வளைந்து ஒரு வரிசை. நாங்கள் இடது பக்கம் ஒரு மளிகைக் கடையோரமாகக் கேமரா முக்காலிகளை நிறுத்திக்கொண்டோம். மேற்கே மேகம் ஒரு பாய் அளவுக்கு விரிந்து கிடந்தது. நான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன். ஆறு பதினெட்டுக்கு மேகத்தின் கீழ்விளிம்பு சிவந்தது. சூரியன் அதன் அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தது.

வந்தது, ஆனால் தொட்டியின் இடது தூணுக்குப் பின்னால். தூண் அதை இரண்டாகப் பிளந்துகொண்டு நின்றது.

"ஒருநாள் தப்பிட்டோமோ?" என்றார் வீட்டுக்காரப் பெண். இந்த மாலை தவறினால், ஆபரேட்டர் மேல் விழுந்த பேர் அவர் மேலேயே கிடக்கும். இந்தத் தடவை அதற்குச் சாட்சியாக நாங்கள் மூன்று பேரும் இருப்போம். ஸ்டுடியோக்காரரைப் பார்த்தேன். 'பார்த்தீங்களா' என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் கைபேசியை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்து, ஆபரேட்டரை அழைத்தார். தேநீர் இடைவேளை போலிருக்கிறது, உடனே எடுத்தார். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"அன்னிக்கி நீ எங்கடா நின்னே?"



"இப்போ எங்க கீறே?" என்றார் ஆபரேட்டர்.

"மளிகைக் கடையாண்ட. தூணு மறைக்குது."

"மறைக்கும். தப்பான பக்கத்துல கீறே அண்ணாத்தே. அந்தாண்ட வா. டிரான்ஸ்பார்மர் கீதில்ல, அதுக்கு முன்னாடி ஒரு கருங்கல்லு கெடக்கும். அதும் மேல ஏறி நில்லு."

"டிரான்ஸ்பார்மர் பந்தலுக்குப் பின்னால கீதுடா."

"அப்போ பந்தலுக்குள்ள பூந்து போ. சீக்கிரம்."

ஸ்டுடியோக்காரர் முக்காலியை விரித்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினார். அறுபதை நெருங்கும் மனிதர், நல்ல கனமான உடம்பு. நாங்கள் பின்னால் ஓடினோம். கூழ் வரிசையில் நின்ற ஓர் அம்மா கையை நீட்டி அவரை மறித்தாள். "கூழு வோணும்னா லைன்ல வா அண்ணாத்தே. நாங்க இன்னா வேடிக்க பாக்கவா நிக்கறோம்?"

"கூழு வோணாம்மா, சூரியன் வோணும்" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு. வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டே வழிவிட்டது. இரண்டு பேர் திரும்பி மேற்கே பார்க்கவும் செய்தார்கள்.

கல் இருந்தது. அதன் மேல் யாரோ செருப்புகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் ஏறினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எட்டி நின்று, அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். தெருவை நாங்கள் கடந்தது பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். அதற்குள் தொட்டி இடது பக்கம் நகர்ந்து போயிருந்தது. இரண்டு தூண்களுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் தொடாமல், முழு வட்டமாகச் சூரியன். சித்திரையில் தொலைக்காட்சியில் பார்த்த அதே வட்டம், அதே இடுக்கு. வீட்டுக்காரப் பெண் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

"இன்னா, கீதா?" என்று கைபேசி கேட்டது.

"கீதுடா" என்றார் ஸ்டுடியோக்காரர். "நடுவுல கீது. அன்னிக்கி நான் சொன்னது தப்பு மச்சான். எல்லார் முன்னாடியும் உன்ன நான்..."

"அத்த ஞாயித்துக்கெழம வந்து பேசிக்கறேன். ரெண்டு நிமிசம்தான் நிக்கும் நைனா. போன வெச்சிட்டு எடு."

அவர் வைக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு தடவை ஷட்டர் விழும்போதும், பையிலிருந்து இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஆபரேட்டர் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. பதினேழு வரை வந்தார்.