வாக்குறுதிக்கு எஸ்டிமேட் போடுகிறவள்

ஓவர்சியர் கையில் டேப்பை எடுத்துவிட்டால், பார்க்கிறவர்களுக்குப் பாதிப் பாலம் கட்டி முடிந்த மாதிரி.

நான்தான் அந்த ஓவர்சியர். பழனி மலையில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. ரோடு, சிறுபாலம், தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடிக் கட்டடம் என்று எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் நான் போய் அளக்க வேண்டும். எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்ப வேண்டும். கட்டுவதும் கட்டாமல் விடுவதும் என் கையில் இல்லை. ஆனால் கட்டித் தருவேன் என்று மேடையில் சொன்னவர் காரில் போய்விடுகிறார், நான் பஸ்ஸில் போகிறவள். பஸ்ஸுக்கு நிற்கிறவளிடம்தானே கேட்க முடியும்?

ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலும் உட்கார்ந்து, தாங்கள் கொடுக்காத வாக்குக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோன அன்பர்களே, இது உங்களுக்குத்தான். ஆட்களின் பெயரையும் ஓர் ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எனக்கு இன்னும் நிறைய வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

அளக்கப் போனேன்

மூங்கில்பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். ஆடலூருக்குக் கீழே, காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற சரிவில் பளியர் பழங்குடி மக்களின் ஒரு குடியிருப்பு. வீடுகளுக்கு முன்னால் ஓர் ஓடை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம். இரண்டு மரத்தைக் குறுக்கே போட்டு அதன்மேல் நடந்து வருவார்கள். ஐப்பசி மழையில் ஓடை அந்த மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வடிகிறவரை அவர்கள் அந்தப் பக்கம்தான்.

சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், "ஜெயிச்சா ஒரே வருஷத்துல ஜீப் போற பாலம்" என்று அங்கே சொன்னார். ஜெயித்தும் விட்டார். பதவியேற்ற அடுத்த வாரமே எங்கள் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, "உறுப்பினர் கேக்கிறார்மா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எஸ்டிமேட் வேணும்" என்றார். மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனேன். தோட்ட வேலைக்குக் கிளம்பி நின்ற வள்ளியம்மா, நான் கேட்பதற்கு முன்பே டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மரத்தின்மேல் நடந்து அக்கரைக்குப் போய், வெள்ளம் ஏறிய தடத்துக்கு ஒரு முழம் மேலே, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே சரியாக முனையை வைத்தார். எனக்கு ஆச்சரியம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கத்திக் கேட்டேன்.

"முன்னாடி அளக்க வந்தவுக ரெண்டு பேருக்கும் நான்தாம்மா முனை புடிச்சேன். நீங்க மூணாவது" என்றார்.

நாலும் உண்மை

புது உறுப்பினர் எந்தெந்த ஊரில் என்னென்ன சொன்னார் என்று பட்டியல் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஊர்க்காரர்கள் போனில் எடுத்த பிரச்சார வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். பூண்டியில் வெள்ளைப் பூண்டு வைக்கக் குளிர்பதனக் கிடங்கு. கொடைக்கானல் பக்கம் ஒரு காட்சிமுனைக்குக் கம்பி வேலி. இன்னோர் ஊருக்குத் தார் ரோடு. மூங்கில்பள்ளத்துக்குப் பாலம். எழுதியதை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். எல்லா இடத்திலும், "என் தொகுதி நிதியிலேர்ந்து முதல் வேலையா இதைச் செய்வேன்" என்றுதான் சொல்லியிருந்தார். நிதி ஒன்றுதான். முதல் வேலை நாலு.

எங்கள் அலுவலக எழுத்தர் தங்கராசு ஓய்வு பெறப்போகிறவர். பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனுசன் பொய் சொல்லல மேடம். நாலும் உண்மை. ஆனா நாலும் சேந்து உண்மையாகாது, அம்புட்டுத்தான்."

பூண்டியில் ஒரு வாசனை

கிடங்குக்கு இடம் பார்க்கப் பூண்டிக்குப் போனபோது கருப்பையா என்ற விவசாயி என்னைக் கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஓர் அறையைத் திறந்தார். அறை நிறையப் பூண்டு. அறுவடை முடிந்து எத்தனையோ நாளாகியும் அவர் விற்கவில்லை. கிடங்கு வந்துவிடும், அதில் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம் என்று காத்திருந்திருக்கிறார். ஒரு பூண்டை எடுத்து விரலால் அமுக்கினார். உள்ளே பல் சுருங்கி, தோல் மட்டும் பொடிந்து விழுந்தது.

நான் அன்றைக்கு இடத்தைத்தான் பார்க்க வந்திருக்கிறேன், பணம் ஒதுக்கி இன்னும் உத்தரவே வரவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் அளந்துவிட்டுப் போனால், அவர் இன்னொரு மாதம் காத்திருப்பார். சொல்லிவிட்டேன், "அண்ணே, இதை நம்பி வைக்காதீங்க. இருக்கிறதை இன்னைக்கே வித்துருங்க." அவர் கோபப்படவில்லை. மிளகு போட்டு ஒரு காப்பி கொடுத்தார்.

"ஓட்டுப் போட்டது கூட வருத்தமில்ல மேடம். பேச்சைக் கேட்டு பூண்டை உள்ள வச்சேன் பாருங்க, அதான்" என்றார்.

மூடிய கல்

மூங்கில்பள்ளத்தில் ஒருவழியாக அடிக்கல் நாட்டு விழா நடந்தது. பெயர்கள் பொறித்த கருங்கல், மாலை, ஒலிபெருக்கி, எல்லோருக்கும் கேசரி. டெண்டர் விட்டோம். ஓர் ஒப்பந்தக்காரரும் வரவில்லை. அங்கே லாரி இறங்காது. சிமெண்டும் கம்பியும் மணலும் ரோடு முடிகிற இடத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். அந்தக் கூலியை என் எஸ்டிமேட்டில் எழுதியிருந்தேன். மேலே யாரோ அந்த வரியை அடித்துவிட்டிருந்தார்கள். எஸ்டிமேட்டின் கீழே இருந்தது என் கையெழுத்து. யார் கேட்டாலும், "ஓவர்சியர் போட்ட கணக்குத் தப்பு" என்றுதான் பதில் வரும்.

மறுபடி டெண்டர் விடுவதற்குள் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதிதாக எந்த வேலையும் தொடங்கக்கூடாது, கல்வெட்டில் உள்ள பெயர்களையும் மறைக்க வேண்டும். சாக்குத் துணியும் கயிறும் எடுத்துக்கொண்டு நானே போனேன். நான் கல்லைச் சுற்றிக் கட்டுவதை வள்ளியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் அவர் மகள் செல்வி. புதிதாகக் கல்யாணமானவள்.

"பாலத்தைத்தான் காணோம். கல்லையும் மறைச்சுப்புட்டா நாங்க எதைப் பாத்தும்மா நம்புறது?" என்று கேட்டார் வள்ளியம்மா.

பத்து மீட்டர்

தேர்தல் முடிந்து சாக்கை அவிழ்த்த பிறகும் மறுபடி டெண்டர் விடவில்லை. அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. ஆடலூர் ரோட்டில் மண் சரிந்து, நான் ஜே.சி.பி. வைத்து அள்ளிக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். செல்வியின் கணவர் முருகன் போன் செய்தார். அவர்கள் ஊரில் ஒரே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். காற்றில் பாதி கேட்கவில்லை. "செல்விக்கு வலி வந்துருச்சு மேடம். ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டோம். மரம் ரெண்டும் அடிச்சிட்டுப் போயிருச்சு." அவளுக்கு அப்போது எட்டாவது மாதம்தான்.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் நர்ஸும் டிரைவரும் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரோடு நடந்தே இறங்கி வந்து இந்தக் கரையில் நின்றார்கள். அந்தக் கரையில், கம்பில் சேலையைக் கட்டிய தூளிக்குள் செல்வி. நடுவில் செம்மண் நிறத்தில் ஓடை. என் நோட்டில் அதன் அகலம் பத்து மீட்டர். பத்து மீட்டர் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்சம் மேலே, ஓடை குறுகுகிற இடத்தில், முருகனும் மற்றவர்களும் தேன் எடுக்கிற கயிற்றில் கல்லைக் கட்டி இந்தப் பக்கம் வீசினார்கள். மூன்றாவது வீச்சில் கைக்கு வந்தது. ஒரு மரத்தில் சுற்றி நானும் டிரைவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டோம். தூளியைத் தோளில் வைத்து நாலு பேர் கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. தூளி சரிந்து செல்வியின் முதுகு தண்ணீரில் பட்டது. அக்கரையில் வள்ளியம்மா மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், வேறு ஒரு சொல்லும் வரவில்லை. என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்தது தூளி கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பி இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டதாம். எடை குறைவு, ஆனால் நன்றாக அழுதிருக்கிறது. தாயும் பிழைத்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சாயங்காலம். அதற்கு முன்பு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போதே அந்த நர்ஸ் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். சின்ன வயசுப் பெண். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "மேடம், அப்போ இங்க வரவேண்டிய பாலம் உங்களோடதா?"

ஒரு பக்கக் குறிப்பு

நான்கு நாள் கழித்து உறுப்பினர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவரை ஒரு வில்லனாகவே மனசுக்குள் வைத்திருந்தேன். அவரோ என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் மூணு தடவை எழுதிக் குடுத்தேம்மா. இருக்கிற காசுல எதை வெட்டிட்டு இதைப் போடுறதுன்னு கேக்கிறாங்க. நான் எந்த ஊர்ல போய் வெட்டுறேன்னு சொல்ல?" என்றார். பிரச்சாரத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. வீடியோவில் நானும் பார்த்தேனே, எல்லோரும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்றைக்குப் புது எஸ்டிமேட் எழுதினேன். அடித்துவிட்ட தலைச்சுமைக் கூலியை மறுபடி சேர்த்தேன். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: செல்விக்கு வலி வந்த காலையில் ஓடையில் நடந்தது, எத்தனை பேர் தண்ணீரில் இறங்கினார்கள், முதல் எஸ்டிமேட்டில் எந்த வரி அடிக்கப்பட்டது, எல்லாம். அரசாங்கக் கோப்பில் இப்படி எழுதுகிற வழக்கம் இல்லை. மெமோ வருமா, மாறுதல் வருமா, கொடைக்கானலில் படிக்கிற பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். மூன்று தடவை கிழித்துப்போட்டு நாலாவது தடவை கையெழுத்துப் போட்டேன்.

பொறியாளர் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "இதை அனுப்பினா உங்களுக்கும் எனக்கும் வம்பு. அனுப்பலேன்னா அடுத்த மழைக்கு நான் லீவு போட்டுட்டு ஊருக்குத்தான் ஓடணும். குடுங்க, பேனாவைக் குடுங்க."

வேலி போச்சு

மெமோ வரவில்லை. பணம் வந்தது. எங்கிருந்து என்று விசாரித்தால், காட்சிமுனைக் கம்பி வேலிக்கு வைத்திருந்ததைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த வழியாகப் போகும்போது பஸ் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். ஒருநாள் பஸ் அங்கேயே பஞ்சராகி நின்றுவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் பள்ளத்தின் விளிம்பில் குழந்தையைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அங்கே மக்காச்சோளம் சுட்டு விற்கும் ஜெயராணி, ஒரு விசிலை ஊதி ஊதி அவர்களைப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். விசில் அவர் சொந்தக் காசில் வாங்கியது. வேலிக்கு அளக்க வந்தவள் என்று என்னை அடையாளம் கண்டுகொண்டு அருகே வந்தார்.

"பாலம் வேணும்தான் மேடம், நான் வேணாங்கல. ஆனா எங்களுக்கும் மேடை போட்டு, மைக் வச்சுத்தானே சொன்னாங்க?"

தண்ணீர் வந்த பிறகு

பாலம் வந்துவிட்டது. ஜீப் போகிற பாலம் அல்ல. வந்த பணத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் நடைபாலம். திறப்பு விழாவில் உறுப்பினர், "சொன்னேன், செய்தேன்" என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள், "ஜீப் எங்கே?" என்று போஸ்டர் ஒட்டினார்கள். இரண்டு பக்கமும் என்னிடம் வந்து அளவு கேட்டுவிட்டுப் போனார்கள். கொடுத்தேன். அளவு கொடுப்பது என் சோலி.

முதல் பெரிய மழை பெய்ததும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அஸ்திவாரம் அரித்திருக்குமோ, கரைச் சுவர் விரிந்திருக்குமோ என்று பஸ் பிடித்து ஓடினேன். ஓடை பாலத்துக்கு இரண்டு அடி கீழே உறுமிக்கொண்டு போனது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைத்தேன். அடுத்த அடி வைக்காமல் நின்றேன். எதிரே வள்ளியம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் ரேஷன் பையோடு, கைப்பிடியைத் தொடாமல் நடந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா, கட்டுனவுகளே இப்புடிப் பயந்துக்கிட்டு நின்னா எப்புடி? வெரசா தள்ளுங்க, பிள்ளைக்கு ஊசி போட நேரமாச்சு!"

வாக்குறுதி நிறைவேறியதா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்கிற பதில், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு நிறைவேறியிருக்கிறது, மீதி அகலத்துக்கு அடுத்த தேர்தல் வர வேண்டும் என்பதுதான்.